வெப்பக் குழாயில் திரவ உலோகம்: எல்லையைத் தீர்மானிப்பது ஆவியா, திரவமா?

வெப்பக் குழாயில் நீருக்குப் பதிலாகத் திரவ உலோகத்தை நிரப்பினால் அதன் செயல்திறன் எவ்வளவு உயரும், ஏற்கெனவே உலோகம் நிரப்பிய குழாயை மேலும் மேம்படுத்த என்ன செய்யலாம் என்பது கேள்வி. கேட்டவர் சோடியத்தையும் காலியக் கலவையையும் ஒரே வரிசையில் வைத்து, இரண்டில் எது சிறந்தது என்றும் கேட்டிருக்கிறார். இந்த இரண்டையும் ஒன்றாக வைப்பதிலேயே ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருப்பதால், விடையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திரவ உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் வெப்பக் குழாய் வேலை செய்வது அந்தக் கடத்தலால் அன்று. சூடான முனையில் திரவம் ஆவியாகிறது. ஆவி குழாயின் நடுவெளி வழியே குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து அங்கே நீர்மமாகி, தன் உள்ளுறை வெப்பத்தை, அதாவது ஆவியாகும்போது உட்கொண்ட வெப்பத்தை, விட்டுவிடுகிறது. அந்த நீர்மம் சுவரை ஒட்டியிருக்கும் திரியின் (பெரும்பாலும் நுண்ணிய கம்பிவலை) நுண்புழைகள் வழியே சூடான முனைக்குத் திரும்புகிறது. ஆக, வெப்பத்தைச் சுமந்து செல்வது ஆவி. வேலை செய்யும் வெப்பநிலையில் ஆவியே இல்லாத ஒரு திரவம், எவ்வளவு நல்ல கடத்தியாக இருந்தாலும், வெப்பக் குழாய்க்குப் பயன்படாது.

காலியத்தின் நிலை இதுதான். அது 30 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். ஆனால் 1000 டிகிரியைக் கடந்த பிறகுதான் அதன் ஆவியழுத்தம் 1 பாஸ்கலை எட்டுகிறது. காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த கலவைகளும் அப்படியே. ஈயம், பிஸ்மத் ஆகியவையும் இந்த வேலைக்கு ஆகா. இவற்றைப் பம்பு வைத்துச் சுற்றவிடும் குளிர்விப்பானாகவோ, இரண்டு பரப்புகளுக்கு இடையே வெப்பத் தொடர்பு தரும் படலமாகவோ பயன்படுத்தலாம். அப்போதும் காலியம் அலுமினியத்தைச் சிதைக்கும், செம்போடு சேர்ந்து சேர்மமாகும் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே, செம்புக் குழாயில் நீரை எடுத்துவிட்டுக் காலியக் கலவையை ஊற்றுவதால் கிடைப்பது மேம்பட்ட வெப்பக் குழாய் அன்று. உள்ளே உலோகம் நிரம்பிய ஒரு கம்பிதான்.

மெய்யாகவே பயன்படும் உலோகங்கள் ஒரு சிறு குடும்பம். சீசியம் ஏறத்தாழ 400 முதல் 900 டிகிரி வரையிலும், பொட்டாசியம் 500 முதல் 1000 வரையிலும், சோடியம் 600 முதல் 1200 வரையிலும், லித்தியம் 1000 முதல் 1800 வரையிலும் வேலை செய்கின்றன. அதற்கும் மேலே வெள்ளி உண்டு. அதைத் தாங்க டங்ஸ்டன் போன்ற சுவர் வேண்டும். பாதரசம் 250 முதல் 650 வரை பொருந்தும் என்றாலும், எஃகை எளிதில் நனைப்பதில்லை. மக்னீசியம், டைட்டானியம் ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்துத்தான் நனைக்க வைத்தார்கள். அதன் நச்சுத்தன்மையையும் சேர்த்துப் பார்த்தால், வேறு வழி இருக்கும்போது பாதரசத்தை நாட வேண்டியதில்லை என்பது என் கருத்து. நீரின் மாறுநிலை வெப்பநிலையே, அதாவது அதற்குமேல் நீர்மமாக இருக்கவே முடியாத எல்லையே, 374 டிகிரி. அழுத்தம் கட்டுக்கடங்காமல் போவதால் அதற்கு மிகக் கீழேயே நீர்க்குழாயை நிறுத்திக்கொள்கிறோம். எனவே உங்கள் வெப்பமூலம் 200 டிகிரிக்குக் கீழே இருக்குமானால் நீரை விட்டு விலகக் காரணமே இல்லை. உலோகக் குழாய்கள் அணு உலைக்கும், சூரிய ஒளியைக் குவித்து வாங்கும் ஏற்பிக்கும், வெப்பநிலை சீராக இருக்க வேண்டிய உலைக்கும் உரியவை. லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் தொடங்கிய பணியின் தொடக்கக் குழாய்களில் ஒன்றே சோடியம் நிரப்பிய துருப்பிடிக்காத எஃகுக் குழாய்தான். விண்வெளிக்கான அணுமின் கருவிகளை மனத்தில் வைத்து அது பிறந்தது. 2018 மார்ச்சில் நெவாடாவில் நடந்த கிரஸ்டி என்ற விண்வெளிச் சிற்றணு உலைச் சோதனையில், சுமார் 800 டிகிரியில் இயங்கிய யுரேனிய உலைமையத்திலிருந்து வெப்பத்தை வெளியே கொண்டுவந்தவையும் எட்டு சோடியக் குழாய்களே.

இனி, எந்த உலோகத்தைத் தேர்வது? பாடநூல்கள் இதற்குத் தகுதியெண் என்று ஒன்றைத் தருகின்றன. நீர்மத்தின் அடர்த்தி, பரப்பு இழுவிசை, உள்ளுறை வெப்பம் மூன்றையும் பெருக்கி, பாகுமையால் (ஓட்டத்தை எதிர்க்கும் தன்மையால்) வகுத்தால் அது கிடைக்கும். சோடியத்தின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 4 மெகாஜூல் அளவு, நீருக்கு 2.26 மெகாஜூல்; சோடியத்தின் பரப்பு இழுவிசை கொதிநீருடையதைப் போல் இரு மடங்கு. இவற்றையெல்லாம் சேர்த்தால் சோடியத்தின் தகுதியெண் நீருடையதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்காகவும், பொட்டாசியத்தினுடையதைப் போல் மூன்று மடங்காகவும் வருகிறது. லித்தியத்தின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 20 மெகாஜூலைத் தொடுவதால், அது சோடியத்தையும் ஐந்து மடங்கு அளவில் விஞ்சுகிறது. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், எங்கும் எப்போதும் பொட்டாசியத்தைவிடச் சோடியமே மேல் என்ற முடிவுக்கு வந்துவிடுவார். ஆனால் தகுதியெண் சொல்வது திரும்பி வரும் நீர்மத்தின் கதையை மட்டுமே; முன்னே செல்லும் ஆவியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆவியின் எல்லை ஒலிவேகத்தில் இருக்கிறது. சூடான பகுதியின் நெடுகிலும் ஆவி சேர்ந்துகொண்டே வருவதால், அந்தப் பகுதி முடியும் இடத்தில் அதன் வேகம் உச்சத்தை அடைகிறது. அங்கே அது ஒலிவேகத்தைத் தொட்டுவிட்டால், குளிர்முனையை எவ்வளவு குளிர்வித்தாலும் அதற்குமேல் ஆவி போகாது. அந்த உச்ச வெப்பத்தைக் கணிக்க எளிய சூத்திரம் உண்டு: 0.474-ஐ ஆவிவெளியின் குறுக்குப் பரப்பாலும், உள்ளுறை வெப்பத்தாலும், ஆவியின் அடர்த்தியையும் அழுத்தத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தாலும் பெருக்க வேண்டும். ஆவிவெளியின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு சோடியத்துக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 424 டிகிரியில் சோடியத்தின் ஆவியழுத்தம் 100 பாஸ்கல்; அந்தக் குழாய் கடத்தக்கூடிய உச்சம் சுமார் 130 வாட். 529 டிகிரியில் அழுத்தம் 1,000 பாஸ்கல், உச்சம் 1.1 கிலோவாட்டைத் தாண்டுகிறது. 673 டிகிரியில் 10,000 பாஸ்கல். உச்சம் 10 கிலோவாட். திரவத்தையும் குழாயையும் மாற்றாமல், வெப்பநிலையை 250 டிகிரி உயர்த்தியதால் மட்டும் திறன் எண்பது மடங்கு ஆகிறது.

இப்போது அதே 424 டிகிரியில் பொட்டாசியத்தை வையுங்கள். அதன் ஆவியழுத்தம் அங்கே 1,000 பாஸ்கல். உள்ளுறை வெப்பம் சோடியத்தில் பாதிதான் என்றாலும், அதே குழாய் 800 வாட் கடத்துகிறது. சோடியத்தைப் போல் ஆறு மடங்கு. தகுதியெண்ணில் மூன்றில் ஒரு பங்காக இருந்த உலோகம் இங்கே தெளிவாக வெல்கிறது. ஆகவே முதல் மேம்பாடு திரியிலோ சுவரிலோ இல்லை, இயங்கும் வெப்பநிலைக்கும் உலோகத்தின் ஆவியழுத்தத்துக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கிறது. வேலை செய்யும் வெப்பநிலையில் குறைந்தது சில ஆயிரம் பாஸ்கல் ஆவியழுத்தம் தரும் உலோகத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரம்பைத் தாண்டிய உலோகங்களுக்குள் மட்டும் தகுதியெண்ணை ஒப்பிடுங்கள். ஏற்கெனவே சோடியக் குழாய் கையில் இருந்து, அது 450 டிகிரியில் திணறுகிறது என்றால், ஆவிவெளியின் விட்டத்தைக் கூட்டுவது நேரான வழி, ஏனெனில் எல்லை குறுக்குப் பரப்போடு நேர்விகிதத்தில் உயர்கிறது. இன்னொரு வழி குளிர்முனையைக் குறைவாகக் குளிர்விப்பது. கேட்கும்போது முரணாகத் தோன்றினாலும், குளிர்முனைக்கும் குளிர்நீர் உறைக்கும் நடுவே ஒரு வாயு இடைவெளி விட்டு, அதில் ஹீலியத்தையும் ஆர்கானையும் தேவைக்கேற்பக் கலந்து வெப்பத் தொடர்பைத் தளர்த்தினால், குழாய் முழுவதும் சூடேறி, ஆவி அடர்ந்து, கடத்தும் வெப்பம் கூடுகிறது.

ஒலிவேக எல்லையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைத் தொட்ட குழாய் உடைந்துவிடாது. சூடான முனைக்கும் குளிர்முனைக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு பெருகும், சூடான முனை மேலும் சூடேறும், ஆவியழுத்தம் உயர்ந்ததும் எல்லை தானே விலகும். நுண்புழை எல்லை அப்படிப்பட்டதன்று. திரும்பி வரும் நீர்மம் போதாமல் போனால் திரி வறண்டு, வறண்ட இடம் நிமிடங்களுக்குள் சுவரையே பழுதாக்கிவிடும்.

அதனால் திரியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நுண்புழை தரும் உச்ச அழுத்தம் பரப்பு இழுவிசையின் இரு மடங்கைத் துளையின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. அங்குலத்துக்கு 100 கம்பிகள் கொண்ட வலையில் சோடியம் ஏறத்தாழ 2,000 பாஸ்கல் தருகிறது. 400 கம்பிகள் கொண்ட நுண்வலையில் 8,000 பாஸ்கல். நுண்வலையே நல்லது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் துளை நான்கில் ஒன்றாகச் சுருங்கும்போது நீர்மம் ஊடுருவிச் செல்லும் தன்மை ஏறத்தாழ பதினாறில் ஒன்றாகச் சுருங்குகிறது. கிடைமட்டக் குழாயில் முழுத் திரியையும் நுண்வலையால் சுற்றினால், இழுக்கும் அழுத்தம் நான்கு மடங்கு கூடியும் கடத்தும் திறன் நான்கில் ஒன்றாகக் குறையும். இந்த முரணை அவிழ்க்கும் வழி, இழுக்கும் வேலையையும் ஓடும் வேலையையும் பிரிப்பது. ஆவியை எதிர்கொள்ளும் பரப்பில் மட்டும் ஓர் அடுக்கு நுண்வலை. அதற்கும் சுவருக்கும் இடையே நீர்மம் தடையின்றி ஓட ஒரு வளையவடிவ இடைவெளி, அல்லது தனியாக ஒரு தமனிக்குழல்.

திரவ உலோகத்தின் உயர்ந்த வெப்பக் கடத்தல் உண்மையில் கைகொடுப்பது இங்கேதான். நீர்க்குழாயில் சுவருக்கும் வலைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால், கடத்துமை 0.7 வாட்/மீட்டர் கெல்வின் அளவே இருப்பதால், அது வெப்பத்துக்குப் பெரிய தடுப்பாகி விரைவில் கொதித்துவிடும். சோடியத்தின் கடத்துமை 60-க்கு மேல். சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட் வெப்பம் நுழைந்தாலும் ஒரு மில்லிமீட்டர் சோடியப் படலத்தில் வெப்பநிலை 15 டிகிரி அளவே வீழ்கிறது. அதனால்தான் வளைய இடைவெளி கொண்ட திரி உலோகக் குழாய்களுக்கே உரிய ஏற்பாடாக நிலைத்திருக்கிறது. ஒரே எச்சரிக்கை: திறந்த தமனியில் ஒரு வாயுக்குமிழி சிக்கினாலும் அதன் வழியே ஓட்டம் நின்றுபோகும். வாயு உள்ளே இருக்க இடம்கொடுக்கும் எந்தத் தயாரிப்பும் தமனிக்கு ஆகாது.

வாயுவும் மாசும்தான் அடுத்த பொருள். நீண்டகாலச் செயல்திறனை உண்மையாகவே நிர்ணயிப்பது இதுவே என்பதால் இதில் நான் மிகவும் கண்டிப்பானவன். வெப்பக் குழாய் ஓயாமல் காய்ச்சி வடிக்கும் ஒரு வாலை. சூடான முனையில் சோடியம் மட்டும் ஆவியாகிறது. அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனும் உலோகங்களும் ஆவியாகாமல் அங்கேயே தங்குகின்றன. குளிர்முனையில் விழுவது புதிதாய் வடித்த தூய சோடியம். தூயது என்பதாலேயே அது சுவரிலிருந்து நிக்கலையும் மற்றவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு சூடான முனைக்குத் திரும்பி, அங்கே அவற்றை விட்டுவிட்டு மறுபடியும் ஆவியாகிறது. பல ஆயிரம் மணி நேரம் இது தொடர்ந்தால், மொத்தத்தில் மிகச் சிறிதாக இருந்த மாசு முழுவதும் வெப்பம் மிகுந்த சில சென்டிமீட்டர்களில் குவிந்துவிடும். எஃகில் உள்ள குரோமியம் சோடியத்தோடும் ஆக்ஸிஜனோடும் கூடி ஆக்ஸைடாகி, வலைத்துளைகளை அடைக்கும், சுவரையும் அரிக்கும். நிரப்பும்போது எடுத்த மாதிரியில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தது என்று நிம்மதி கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

ஆக்ஸிஜனை நீக்க இயற்கையே ஒரு வழி தந்திருக்கிறது. சோடியத்தில் ஆக்ஸிஜனின் கரைதிறன் 700 டிகிரியில் பத்து லட்சத்தில் ஆயிரக்கணக்கான பங்கு. 150 டிகிரியில் ஏறத்தாழ 3 பங்குதான். ஆகவே உருகுநிலைக்குச் சற்று மேலே வைத்து வடிகட்டினால், ஆக்ஸைடு திண்மமாகப் பிரிந்து வடிகட்டியில் நின்றுவிடும். அதன்பின் சோடியத்தைக் காய்ச்சி, அதன் ஆவியை நேராகக் குழாய்க்குள் குளிரவைத்து நிரப்புவது ஊற்றி நிரப்புவதைவிடப் பல மடங்கு மேல். குழாயையும் வலையையும் முன்கூட்டியே வெற்றிடத்தில் உயர் வெப்பநிலையில் வாட்டி, பற்றவைத்த இடங்களை ஹீலியம் கொண்டு கசிவுச் சோதனை செய்திருக்க வேண்டும். எஞ்சும் ஆக்ஸிஜனைப் பிடிக்கச் சோடியக் குழாயில் சிர்கோனியத் தகடு வைக்கலாம். லித்தியத்துக்கு இதே உத்தி செல்லாது: லித்தியம் ஆக்ஸிஜனைச் சிர்கோனியத்தைவிட இறுகப் பற்றிக்கொள்வதால், அங்கே இட்ரியம் தேவைப்படுகிறது. மேலும் லித்தியத்துக்கு நிக்கல் சேர்ந்த எஃகே ஆகாது, நிக்கலை அது கரைத்துவிடும். நியோபியம், மாலிப்டினம், டங்ஸ்டன் ஆகியவற்றின் கலவைகளே அதைத் தாங்குகின்றன. நியோபியத்தில் 1 விழுக்காடு சிர்கோனியம் சேர்ப்பதன் நோக்கமே, சுவருக்குள் கரைந்த ஆக்ஸிஜனைக் கட்டிப்போட்டு, லித்தியம் அதைத் தேடி மணியெல்லைகள் (உலோகத்தின் படிகமணிகள் சந்திக்கும் இடங்கள்) வழியே ஊடுருவாமல் தடுப்பதுதான்.

குளிர்ந்து நீர்மமாகாத வாயு எதுவாயினும் ஆவி அதைக் குளிர்முனையின் கடைசிக்குத் தள்ளிவைக்கும். அந்த நீளம் முழுவதும் வேலையற்றுப் போகும். குழாயின் நெடுகிலும் வெப்பநிலையை அளந்தால், சீராக இருந்த கோடு ஒரு புள்ளியில் திடீரென வீழ்வதைக் கொண்டு இதைக் கண்டுகொள்ளலாம்.

திரவ உலோகம் பரப்பை நனைக்க வேண்டும் என்பதும் தானாக நடப்பதன்று. புதிய எஃகின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்ஸைடுப் படலம் குறைந்த வெப்பநிலையில் சோடியத்தை ஒதுக்கித் தள்ளும். நிரப்பிய குழாயை 600 டிகிரியிலோ அதற்கு மேலோ பல மணி நேரம் மிதமான சுமையில் வைத்திருந்தால், சோடியம் அந்தப் படலத்தைக் கரைத்து வலைக்குள் முழுமையாக இறங்கும். இந்த ஊறலைச் செய்யாமல் முதல் நாளே முழுச் சுமையை ஏற்றிப் பார்த்து, திரியின் வடிவமைப்பு தவறு என்று முடிவுகட்டுவது பெரும் அநியாயம்.

தொடக்கமும் உலோகக் குழாய்க்கே உரிய இடர். அறை வெப்பநிலையில் சோடியம் திண்மம், ஆவியோ ஏறக்குறைய இல்லை; உள்ளே வெற்றிடம். சூடான முனையைச் சூடேற்றும்போது, 20 மில்லிமீட்டர் ஆவிவெளி கொண்ட குழாயில் சுமார் 400 டிகிரி வரை ஆவி தொடர்ச்சியான ஓட்டமாக அமைவதில்லை, மூலக்கூறுகள் தனித்தனியே பறக்கின்றன. அதன்பின், சூடேறிய பகுதியின் விளிம்பாகிய ஒரு வெப்பமுகப்பு மெல்ல குளிர்முனையை நோக்கி நகரும். அந்த முகப்பு முழு நீளத்தையும் கடக்கும் முன்னர்க் குளிர்முனையை வலுவாகக் குளிர்வித்தால், ஆவி அங்கே போய் 98 டிகிரிக்குக் கீழே உறைந்து நின்றுவிடும். திரும்பி வராத சோடியத்துக்காகச் சூடான முனை வறண்டு காய்ந்துவிடும். ஆகவே தொடக்கத்தில் குளிர்விப்பை நிறுத்திவைத்து, சூட்டைப் படிப்படியாக ஏற்றி, குளிர்முனை உருகுநிலையைத் தெளிவாகத் தாண்டிய பிறகே சுமையை இணைக்க வேண்டும். அணைக்கும்போதும் அப்படியே: குளிர்விப்பை முதலில் விலக்கி, சோடியம் சூடான முனையின் திரியிலேயே உறையும்படி விட்டால் அடுத்த தொடக்கம் எளிதாகும். அடிக்கடி நிறுத்தித் தொடங்க வேண்டிய இடத்தில் சோடியம்-பொட்டாசியக் கலவையை எண்ணிப் பார்க்கலாம். 78 விழுக்காடு பொட்டாசியம் கொண்ட கலவை −12.6 டிகிரியில்தான் உறைகிறது, அதனால் உறைந்த தொடக்கமே இல்லை. ஆனால் பொட்டாசியம் எளிதில் ஆவியாவதால் ஓட்டத்தின்போது கலவை பிரிந்து, குளிர்முனையில் பொட்டாசியமும் சூடான முனையில் சோடியமும் மிகுந்து, குழாய் நெடுகிலும் வெப்பநிலைச் சரிவு உண்டாகும். சீரான வெப்பநிலை தேவைப்படும் வேலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நிரப்பும் அளவைப் பற்றி ஒன்று மட்டும்: அறை வெப்பநிலையில் கணக்கிட்ட சோடியத்தின் பருமன் 700, 800 டிகிரியில் நான்கில் ஒரு பங்கு பெருகுகிறது. இயங்கும் வெப்பநிலையின் அடர்த்தியைக் கொண்டு திரியின் வெற்றிடத்தை நிரப்பும் அளவைக் கண்டு, அதற்குமேல் சிறிதளவே கூட்டுங்கள். குறைந்தால் திரி வறளும்; மிகுந்தால் உபரி குளிர்முனையில் தேங்கி, வாயு அடைத்ததைப் போன்ற வீழ்ச்சியையே காட்டும். இரண்டையும் வேறுபடுத்த, குளிர்முனையைச் சற்றே உயர்த்திப் பாருங்கள்: தேங்கியது திரவமானால் வழிந்து இறங்கிக் கடைசி நீளம் சூடேறும்; வாயுவானால் அசையாது.